சயோவின் கடைசி டின்

சயோவின் கடைசி டின் எண்ணெய்க்கு மினகாவா சொன்ன விலை, லிட்டருக்கு முப்பது யென்.

“பொரிச்சுப் போட்ட எண்ணெய்க்கு இதுக்கு மேல எவனும் தரமாட்டான், அண்ணே. அடியில பூராவும் கருகின தூள் வேற.”

“விக்கிறேன்னு நான் சொன்னேனா?”

“டின்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா வேற என்னன்னு நினைக்கிறது? சரி, நாப்பது. அந்தப் பத்து அண்ணியோட கைராசிக்கு.”

சயோவின் கணவர் தொகாஷி தலையாட்டவில்லை. ஓட்டல் ஓட்டலாகப் போய்ப் பழைய எண்ணெய் வாங்கி விற்கும் மினகாவா, பேரம் படியாத வீட்டில் ஒரு சிகரெட்டாவது பிடித்துவிட்டுத்தான் கிளம்புவான். கொட்டகை வாசலில் நின்று பற்றவைத்துக்கொண்டு அந்தப் பழைய டீசல் வேனைப் பார்த்தான். பானட் திறந்திருந்தது. எண்ணெய் சூடேற, ரேடியேட்டர் வெந்நீர்க் குழாயைச் சுற்றித் தொகாஷியே வளைத்துக் கட்டிய செப்புக்குழாய், பின்சீட்டைக் கழற்றிவிட்டு வைத்த இரண்டாவது டேங்க், டீசலிலிருந்து சமையல் எண்ணெய்க்கு மாற்ற ஒரு பித்தளை வால்வு. சயோவின் தெம்புராக் கடையில் இறாலும் கிழங்கும் மாவில் தோய்த்துப் பொரித்து மிஞ்சிய எண்ணெயெல்லாம் இந்த வண்டிக்குத்தான். அது போகிற தெருவெல்லாம் மக்களுக்குப் பசிக்கும் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

“செத்தவங்களுக்குப் புகைதான் சோறு, மணத்தைத் தின்னுக்கிட்டேதான் வழி நடப்பாங்கன்னு எங்கம்மா சொல்லுவாங்க” என்றான் மினகாவா. “அதுக்கு ஒரு ஊதுவத்தி போதும் அண்ணே. நீங்க லிட்டர் கணக்குல பரிமாறுறீங்க.”

“வழி நடக்கிறதெல்லாம் நாப்பத்தொன்பது நாளுக்குத்தான், அது எப்பவோ முடிஞ்சிருச்சு. அவ போய்ச் சேர்ந்துட்டா.”

“அப்ப யாருக்குப் பரிமாறுறீங்க?”

சிரித்துக்கொண்டே போய் லாரியில் ஏறினான். லாரிச் சத்தம் கடற்கரைச் சாலையில் தேய்ந்து மறைந்ததும் ஒன்றுமே கேட்கவில்லை. வடக்கிலிருந்து மிதந்து வந்த பனிக்கட்டி கரையை அடைத்துவிட்டால் அலைக்குக்கூடக் குரல் போய்விடும். மாசம் முழுக்க இப்படித்தான்.

காலையில் நடந்ததை அவர் மினகாவாவிடம் சொல்லவில்லை. சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் வேன் இன்ஜின் ஓடியது. ரொம்ப நேரமில்லை, ஒருவர் மூச்சை இழுத்து விடும் நேரம். டீசலை நிறுத்தும் அடைப்பானில் பிசின் படிந்திருக்கும் என்று கழற்றித் துடைத்து மாட்டினார். துடைத்த துணி வெள்ளையாகவே இருந்தது.

கொட்டகைக் கதவை ஒரு முழம் திறந்து வைத்துவிட்டு டின்னைச் சாய்த்தார். எப்போதும் மூன்று துணியில் வடிகட்டித்தான் ஊற்றுவார், இன்று வடிகட்டவில்லை. அந்தக் கருகின தூளும் அவள் பொரித்ததுதானே, அதைத் துணியில் விட்டுவிட யாருக்கு மனசு வரும்? டீசலில் கிளப்பி, வெந்நீர்க் குழாய் கை வைக்க முடியாதபடி சுடும்வரை காத்திருந்து, பித்தளை வால்வைத் திருப்பினார்.

கடகடவென்ற சத்தம் இறங்கி, மெத்தென்று, தொண்டைக்குள் முனகுவதுபோல் ஆனது. சைலன்சரிலிருந்து வெள்ளையாய் வந்த புகையில் முதலில் சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மணம், பிறகு இறால், அதற்கும் அடியில், மாவு ஈரம் காயாத ஒரு ஏப்ரனை முகத்தில் வைத்து அழுத்தினால் வருமே, அந்த மணம். முக்காலியை இழுத்துப் போட்டுப் புகைக்குழாய் அருகே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இந்த மணம் தீர்ந்துவிட்டால் சயோ என்று இந்த உலகத்தில் எதுவும் இருக்காது. போட்டோவுக்கு மணம் இல்லை.

நிறுத்துவதற்கு முன்னால் வால்வை டீசலுக்குத் திருப்பி, குழாயில் தங்கிய எண்ணெயை எரித்துத் துப்புரவாக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் குளிரில் உறைந்து குழாய் அடைத்துக்கொள்ளும். அவர் திருப்பவில்லை. அவளுடைய கடைசிச் சொட்டில் டீசலைக் கலக்க அவருக்குக் கை வரவில்லை.

இன்ஜினுக்கு எண்ணெய் போகும் கண்ணாடிக் குழாயில் குமிழ்கள் வந்தன. பிறகு வெறும் குழாய்.

இன்ஜின் இருமவில்லை.

கொஞ்சம் பொறுத்தார். சாவியைத் திருப்பினார். ஓடியது. சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஓடியது. பயப்பட ஒன்றுமில்லை, பழைய டீசல் வண்டிகளுக்கு இருக்கிற வியாதிதான், தன் இன்ஜின் ஆயிலையே உறிஞ்சிக்கொண்டு ஓடும் என்று தனக்கே சத்தமாகச் சொல்லிக்கொண்டார். ஆயில் அளவுக்கம்பியை உருவினார். நுனிவரை உலர்ந்திருந்தது. விரலில் கறைகூட ஒட்டவில்லை.

டீசல் குழாயைப் பிடுங்கினார். அதுவும் காய்ந்திருந்தது.

காற்றை அடைத்தால் எந்த இன்ஜினும் சாகும். ஒரு பலகையை எடுத்து இன்ஜினுக்குள் காற்று போகும் வாயில் வைத்து அழுத்தினார். பலகையைக் கவ்வி இழுக்க வேண்டும். இழுக்கவில்லை. பலகையை எடுத்துவிட்டு உள்ளங்கையை வைத்தார்.

அது மூச்சே விடவில்லை.

வெளியே ஓடினார். பனி முழங்கால்வரை. இருட்டில் வீடு. விளக்கு இல்லாத கடை. ஊமைக் கடல். மூக்கு நிறைய இழுத்தார், குளிர்தான் வந்தது. பனிக்கு மணம் இல்லை. கொட்டகைக்குள் இன்ஜின் ஓடும் சத்தம்கூட இங்கே கேட்கவில்லை. போய்விடலாம். மினகாவா வீடு சாலை முனையில்தான். கதவைத் தட்டினால் கேலி செய்தபடியே சூடாகக் குடிக்க ஏதாவது தருவான்.

அப்புறம்? அப்புறம் இங்கேதான் திரும்பி வர வேண்டும். மணமில்லாத வீட்டுக்கு.

தொகாஷி திரும்பி உள்ளே போனார்.

மணம் மாறியிருந்தது. கிழங்கு இல்லை, இறால் இல்லை. கடையில் அவள் ஒருநாளும் பொரிக்காத ஏதோ ஒன்று. கொழுப்பு. பன்றியுடையது இல்லை. ஆனால் மேலே அதே மாவு, அதே ஏப்ரன், முன்னைவிடப் பக்கத்தில். பானட்டுக்கு அடியில் எண்ணெய் கொதிக்கும் சலசலப்பு. நடுவே டக், டக். பொரித்ததை எடுத்ததும் குச்சியைச் சட்டி விளிம்பில் தட்டுவாளே, அது.

“சயோ?” என்றார். “பசிக்குதாம்மா?”

டக்.

முக்காலியில் உட்கார்ந்தார். கால்சட்டை இடுப்பிலிருந்து நழுவியது. கைக்கடிகாரம் முழங்கைவரை சரிந்து நின்றது. கல்யாண மோதிரம் தானாகக் கழன்று சிமெண்டுத் தரையில் உருண்டு வண்டிக்கு அடியில் போனது. கையைத் திருப்பிப் பார்த்தார். தோல் மட்டும், அடுத்தவருடைய கையுறைபோல, எலும்பின்மேல் தொங்கியது. வலி இல்லை. சூடாக, சுகமாகத்தான் இருந்தது.

முக்காலியைப் புகைக்குழாய்க்கு இன்னும் கிட்டே நகர்த்திக்கொண்டு மனதுக்குள் கணக்குப் போட்டார். டீசல், இல்லை. அவள் எண்ணெய், தீர்ந்தது. இன்ஜின் ஆயில், இல்லை. காற்று, இல்லை. எல்லாம் கழிந்தது. வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

மிச்சம், அவர். அதுவும் பாதிதான்.