நான்கு கோட்டுப் போர்வை

வேடநினைவிக் கருவியைக் காதோரத்திலிருந்து கழற்றியதும் பிரெஞ்சு மொழி மறந்துபோனது. பீவர் என்ற நீர்விலங்கின் தோலைத் தடவியே தரம் சொல்லும் வித்தையும் மறந்துபோனது. மூன்று நாளில் செய்தது மட்டும் பவானந்தனுக்கு மறக்கவில்லை.

கனடாவில் ஓர் ஏரிக்கரையில் பழையபடி எழுப்பிய பிரெஞ்சுத் தோல் வணிகக் கோட்டை அது. ஆண்டுதோறும் மாசிக் குளிரில் விழா நடக்கும். தொப்பியும் பூட்ஸும் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிற விழா என்று நினைத்துவிடாதீர்கள். முந்நூறு வருடத்துக்கு முன் வாழ்ந்த ஒருவரின் நினைவுகளைக் காகிதங்களிலிருந்து திரட்டி, வேடநினைவி மூளையில் ஏற்றிவிடும். மூன்று நாளும் சொந்தப் பெயர்கூட ஞாபகம் இராது. ஆபத்துக்குச் சம்மதம் என்று எல்லோரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார்கள். பவானந்தன் வணிகர் லெனுவார் ஆனான். அவன் தங்கையின் கணவன் கிருபாகரன், காட்டில் பொறி வைக்கும் வேட்டைக்காரன் ஆனான்.

விழாவில் வேட்டைக்காரன் தோல்களைக் கொண்டுவந்து போட்டுவிட்டு நான்கு கோட்டுப் போர்வை கேட்டான். ஓரத்தில் நெய்த கோடுகள்தான் அளவைச் சொல்லும். நான்கு என்றால் பெரியது, கனமானது. வணிகர் ஓரத்தை உள்ளே மடித்து, இரண்டு கோட்டுப் போர்வையைக் கட்டிக் கொடுத்தார். அதை நம்பிக் காட்டுக் குடிசைக்குப் போன கிருபாகரனின் கால்விரல்கள் இரண்டு உறைந்துபோய், வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

"செய்தது நானில்லை, லெனுவார்," என்றான் பவானந்தன், கோட்டையின் ஆவணக் காப்பாளர் தர்மினியிடம். "அந்தாள் கள்ளன் எண்டு எங்கையாவது எழுதியிருக்கும். அதை எடுத்துத் தாங்கோ. தங்கச்சிக்குக் காட்டவேணும்."

தர்மினி தேடி எடுத்துத் திரையை அவன் பக்கம் திருப்பினாள். முந்நூறு வருடத்துக்கு முன் அந்த நிஜ வேட்டைக்காரன் தன் மனைவிக்கு எழுதிய கடிதம். 'லெனுவார் நான்கு கோட்டுப் போர்வை கொடுத்தார். குளிர் கடுமை என்று தன் கட்டிலில் கிடந்ததையும் உருவித் தந்தார்.'

"அப்ப மெஷின் பிழை விட்டிட்டுது."

"மெஷின் நினைவைத்தான் குடுக்கும், அண்ணை. குணம் காகிதத்திலை கிடைக்காது. அது மெஷினைப் போடுற ஆளின்ரைதான்."

பவானந்தன் கடிதத்தை இன்னொரு தரம் படித்தான். ஓரத்தை மடித்தபோது தனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எழுந்ததே, அது யாருடையது என்று இப்போது தெரிந்துவிட்டது. எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

கைபேசி அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து தங்கை.

"அண்ணா, ஏன் இன்னும் வந்து பாக்கேல்லை? அவருக்கு உங்களிலை ஒரு கோவமும் இல்லை. மெஷின்தானே செய்தது, மச்சான் என்ன செய்யிறது எண்டு சொல்லிச் சிரிக்கிறார்."

தர்மினி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓமம்மா," என்றான் பவானந்தன். "மெஷின்தான்."