பூ வைக்க வந்த கை

அகல்யா விட்ட அடி நல்ல அடிதான். வேகம் இருந்தது, பலம் இருந்தது. ஆள்தான் தப்பு.

காரைக்குடியில் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள் அகல்யா. பெண் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லித்தர அகிலாண்டேஸ்வரி டீச்சர் வந்ததிலிருந்து அவள் நடையே மாறிவிட்டது. சோறு தின்னும்போதுகூட இடது கையை முறுக்கி இடுப்பில் வைத்திருப்பாள்.

"பின்னால யாராச்சும் தொட்டா யோசிக்காதே. முதல்ல அடி. அப்புறம் ஆளைப் பாரு!" என்பார் டீச்சர்.

அம்மா கண்ணாத்தாளுக்கும் அதில் பெருமை. "டியூசன் முடிஞ்சு இருட்டுல வார புள்ள. எவனாச்சும் கையை வச்சா ஓங்கி ஒண்ணு விடு ஆத்தா" என்று தைரியம் சொன்னதும் அவள்தான்.

ஒருநாள் சாயங்காலம் அகல்யா மிக்சியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். அந்த இரைச்சலில் கதவு திறந்ததே கேட்கவில்லை. பின்னாலிருந்து எதுவோ அவள் சடையைத் தொட்டது.

முழங்கை தானாகப் பின்னால் போனது. "ஹா!" என்ற சத்தமும் தானாக வந்தது.

திரும்பிப் பார்த்தால், அம்மா. அடிபட்ட வேகத்தில் அம்மாவின் வலது கை கதவு நிலையில் மோதியிருந்தது. கீழே ஒரு முழம் கனகாம்பரம் கிடந்தது. வேலை முடிந்து வரும் வழியில் மகளுக்காக வாங்கியது.

மணிக்கட்டு எலும்பில் விரிசல் என்றார் டாக்டர். மாவுக்கட்டுப் போட்டார்கள்.

அடுத்த வீட்டுக் கருப்பி அத்தை ஓடி வந்தாள். "என்ன கண்ணாத்தா, கையில கட்டு?"

"பாத்ரூம்ல வழுக்கிருச்சு" என்றாள் அம்மா, அகல்யாவைப் பார்க்காமல்.

"பாத்து நடக்கக் கூடாதா? நல்லவேளை, இப்படி ஒரு தைரியமான புள்ள பக்கத்துல இருக்கு!"

அகல்யா சட்னிக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மா கட்டட வேலைக்குப் போகிற சித்தாள். அப்பாவுக்குச் சிங்கம்புணரியில் கயிறு ஆலையில் வேலை, வாரம் ஒருமுறைதான் வருவார். மறுநாளே அம்மா வேலைக்குக் கிளம்பினாள்.

"வேண்டாம்மா. கை வலிக்கும்."

"வீட்டுல உக்காந்தா என் இடத்துக்கு வேற ஆளைப் போட்டுருவாக. ஒத்தக் கையால சுவருக்குத் தண்ணி அடிக்கிறேன்னு மேஸ்திரிக்கிட்டச் சொல்லிக்கிறேன்."

அகல்யாதான் அம்மாவுக்குத் தலை வாரிக் கொண்டை போட்டாள். கொண்டை காதுப் பக்கம் சரிந்து நின்றது. சீப்பைக் கீழே வைக்க அவள் சட்டென்று கையைத் தூக்கினாள்.

அம்மாவின் தோள் ஒடுங்கியது.

கண் இமைக்கும் நேரம்தான். உடனே அம்மா சிரித்துவிட்டாள். ஆனால் அகல்யா பார்த்துவிட்டாள். அம்மா தன்னைப் பார்த்துப் பயப்படுகிறாள்! அன்றைக்கு முழுவதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை பள்ளி விடுமுறை. அம்மாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வேலை நடக்கிற இடத்துக்குப் போனாள். செங்கல்லை எறிந்து ஏற்றிக்கொண்டிருந்த வீரபாண்டியன் அண்ணன் அவளைப் பார்த்ததும் குரல் கொடுத்தார்.

"வாங்க கராத்தே! நீ இருக்கையில அந்தப் பாத்ரூம் உங்கம்மாவைத் தள்ளிவிட்டுருச்சாமே? அதுக்கு ரெண்டு குத்து விட வேண்டியதுதானே?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் அகல்யாவால் தாங்க முடியவில்லை.

"அம்மா வழுக்கி விழலை. நான்தான் அடிச்சேன்."

சிரிப்பு நின்றது.

"ஏய், வாயை மூடுடி" என்றாள் அம்மா.

"நீ ஏன்மா எனக்காகப் பொய் சொல்றே? பூ வைக்கத்தான் வந்தே. பாக்காம அடிச்சுட்டேன்."

வீரபாண்டியன் தலையைச் சொறிந்தார். பிறகு இரண்டடி பின்னால் போனார். "அங்குட்டே நில்லு ஆத்தா! எனக்குப் புள்ளகுட்டி இருக்கு!"

மறுபடி சிரிப்பு. அகல்யாவுக்குக் காதெல்லாம் சுட்டது. மணல் மேட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வேலை தொடர்ந்தது. வீரபாண்டியன் செங்கல்லை எடுத்து, "இந்தா!" என்றார். சுவரை ஒட்டிக் கம்பு கட்டிய சாரத்தின் மேல் நின்ற ஆள் குனிந்து பார்த்து, "வரட்டும்!" என்றார். செங்கல் பறந்து அவர் கையில் போய் உட்கார்ந்தது. இந்தா. வரட்டும். இந்தா. வரட்டும். அம்மா வழக்கமாக நிற்கிற இடம் அதுதான், அந்தச் சாரத்தின் மேல்.

ஒரு தடவை வீரபாண்டியன் கையை வீசும் நேரத்தில் மேலே இருந்தவர் தும்மினார். வீசிய கை பாதியில் அப்படியே நின்றது.

அகல்யா எழுந்துவிட்டாள். "ஓங்கிட்டீகளே அண்ணே! எப்படி நிறுத்துனீக?"

"அவன் கண்ணு என் மேல இல்லியே. எறிஞ்சா மண்டை உடையுமே!"

"அது எப்படி வந்துச்சு?"

"தினம் எறியிறோம்ல? எறியிறது எப்படி வந்துச்சோ அப்படித்தான் நிறுத்துறதும்."

திங்கட்கிழமை பயிற்சி தொடங்கியதும் அகல்யா கையைத் தூக்கினாள். நடந்ததைச் சொன்னாள். முழுதாகச் சொன்னாள்.

"அடிக்கச் சொல்லிக் குடுத்தீக டீச்சர். ஓங்கின கையை நிறுத்தச் சொல்லித் தரலையே. அதையும் பழகலாமா?"

"நான்தான் அதை விட்டுட்டேன்" என்றார் டீச்சர். அவருக்கும் முகம் சிவந்திருந்தது.

அன்றிலிருந்து புதுப் பயிற்சி. ஒருத்தி பின்னாலிருந்து தொடுவாள். மற்றவள் கையை ஓங்கியபடி திரும்ப வேண்டும், ஆளைப் பார்க்க வேண்டும், கையை நிறுத்த வேண்டும். முதல் நாள் எல்லாருக்கும் சொதப்பல். தோழி முத்துமாரி கண்ணை மூடிக்கொண்டு திரும்பித் தூணைக் குத்திவிட்டுக் கையை உதறினாள். "ஐயோ, தூணு பின்னாலயே வந்து நிக்குது டீச்சர்!"

அகல்யா வீட்டிலும் பழகினாள். விஷயம் கேள்விப்பட்ட கருப்பி அத்தை வாசலில் நின்றே கூப்பிட்டாள்: "உள்ள வரலாமா, அடிப்பியா?" வெட்கம் சுலபமாகப் போகவில்லை.

அம்மாவுக்குக் கட்டுப் பிரித்தார்கள். கொஞ்ச நாளில் சாரத்திலும் ஏறிவிட்டாள். செங்கல் தவறவில்லை என்று வீரபாண்டியனே சொல்லி அனுப்பினார்.

ஒரு சாயங்காலம் மிக்சி இரைந்துகொண்டிருந்தது. சடையில் ஏதோ பட்டது. அகல்யாவின் கை விருட்டென்று கிளம்பியது. திரும்பினாள். பார்த்தாள். முழங்கை காற்றில் பாதியில் நின்றது.

எதிரே அம்மா. கையில் கனகாம்பரம். அவள் தோள் ஒடுங்கவில்லை.

"இந்தா!" என்றாள் அம்மா, பூவைத் தூக்கிக் காட்டி.

அகல்யா மிக்சியை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்தாள்.

"வரட்டும்!"