கோபக்கார மூலை

அந்த வீட்டுச் சமையலறையில் ஒரு டோஸ்டர் ஓவன் இருந்தது. ஆள் என்னவோ ஒரு சூட்கேஸ் அளவுதான். ஆனால் காலையிலிருந்து ராத்திரி வரை அதற்கு ஓய்வே கிடையாது. விடிந்ததும் பிரெட் வாட்டும். மத்தியானம், முந்தின நாள் மிச்சத்தைச் சூடாக்கும். நமத்துப்போன பிஸ்கட்டைக் கொடுத்தால் மறுபடி மொறுமொறுவென்று ஆக்கித் தரும். வேர்க்கடலை வறுக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் உருளைக்கிழங்கு சுடும்.

அதன் கண்ணாடிக் கதவுக்கு எதிரே ஒரு முக்காலி. அதில் எப்போதும் ஒரு நாலாம் வகுப்புப் பெண் உட்கார்ந்திருப்பாள். "கண்ணால பாரு, கையால தொடாதே" என்பது அம்மா போட்ட சட்டம். தொடத்தானே கூடாது, கேள்வி கேட்கலாமே. கேட்டுக்கொண்டே இருப்பாள்.

"சீஸ் ஏம்மா கொப்பளிக்குது?"

"பிரெட்டு ஏன் முதல்ல ஓரத்துல சிவக்குது?"

"அந்தக் கம்பி சூடானா ஏன் முனகுது?"

அம்மா ஒன்றுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். அதனால் மாமா அவளுக்கு 'ஏன்குட்டி' என்று பேர் வைத்துவிட்டார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. நல்ல உயரம். சமையலறைக்குள் தலையைக் குனிந்துதான் வருவார். பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். வேனை விற்றுவிட்டார்கள், மாமாவின் வேலையும் போய்விட்டது. போன மாதம் பெட்டியோடு இவர்கள் வீட்டுக்கு வந்தார். வந்த நாளிலிருந்து ஏன்குட்டிக்குக் கொண்டாட்டம்தான். அவள் என்ன கேட்டாலும் சலித்துக்கொள்ளாமல், "தெரியலையே, வா பாப்போம்" என்று கூடவே வரும் ஒரே பெரியவர் அவர்தான்.

இப்போது அந்தக் கொண்டாட்டத்துக்கு ஆபத்து வந்திருந்தது. தெருமுனை பேக்கரியில் ஓர் ஆள் தேவைப்பட்டது. பேக்கரிக்காரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: "நீங்களே சுட்ட பிஸ்கட் ஒரு டப்பா கொண்டு வாங்க. எல்லாம் ஒரே நிறமா இருக்கணும். சனிக்கிழமை காலைல பாத்துட்டுச் சொல்றேன்." அந்த வேலை கிடைக்காவிட்டால் மாமா ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறிவிடுவார். எங்கேயோ தூரத்து ஊரில், ஒரு கிடங்கில் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவைதான் வர முடியுமாம்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. டிங் என்று ஓவன் மணி அடித்தது. மாமா கையுறை போட்டுக்கொண்டு தட்டை வெளியே எடுத்தார்.

"போச்சு," என்றார்.

சில பிஸ்கட் பொன்னிறம். சில காய்ச்சல் வந்ததுபோல வெளுத்துக் கிடந்தன. நாலைந்து கரிக்கட்டை. முதலில் சுட்ட தட்டுக்கும் இதே கதிதான்.

"சர்க்கரை சரியாக் கரையலடா," என்றாள் அம்மா.

"கரண்ட் ஏறி ஏறி இறங்குது மச்சான். எல்லாம் அதால வர்றதுதான்," என்றார் அப்பா. அப்பா எலக்ட்ரீஷியன். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும் கரண்டைத்தான் சொல்வார்.

மாமா கையுறையைக் கழற்றினார். "சர்க்கரையும் இல்ல, கரண்டும் இல்ல. என் கைதான் சரியில்ல. ஸ்டியரிங் பிடிச்ச கைக்கு பிஸ்கட் எங்க வரும்? இன்னும் ஒரு தட்டுக்குத்தான் வெண்ணெய் இருக்கு. அதையும் பாழாக்க வேண்டாம். நான் பெட்டியக் கட்டறேன்."

அவர் குனிந்து வெளியே போனார். ஏன்குட்டி அவர் போன வாசலையே பார்த்தாள். மாமா போகக்கூடாது. அவர் போய்விட்டால், "வா பாப்போம்" என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

அம்மா பெருமூச்சு விட்டபடி தட்டைத் துடைத்தாள். "சரி, உருளைக்கிழங்கையாவது வைக்கலாம்."

அந்த வீட்டில் தட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. அப்பாவுக்குத் தோல் மெத்தென்று இருக்க வேண்டும். அவர் கிழங்கு முன்னால், வலது ஓரம். அம்மாவுடையது நடுவில். ஏன்குட்டிக்கு மொறுமொறுவென்று வேண்டும். பின்னால், இடது மூலை. எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே மாமாவின் கிழங்கைச் சொருகுவார்கள். விருந்தாளிக் கிழங்குதானே.

அம்மா பழக்கத்தில் அடுக்கிக்கொண்டே போனாள். ஏன்குட்டி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இரு. என் கிழங்கு மட்டும் ஏன் எப்பவும் மொறுமொறுன்னு வருது?"

"நீதானே அப்படி வேணும்னு கேட்டே? அதான் அந்த மூலையில வைக்கறேன்."

"அந்த மூலையில வச்சா ஏன் அப்படி ஆகுது?"

அம்மா கையிலிருந்த கிழங்கோடு அந்த மூலையை எட்டிப் பார்த்தாள்.

"கருகின பிஸ்கட்டும் என் இடத்துலதாம்மா இருந்துது. ரெண்டு தட்டுலயும். நான் கண்ணாடி வழியா பாத்தேன்."

அடுத்த நிமிடம் அவள் உள் அறையில் நின்றாள். மாமா சட்டைகளை மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒரு 'ஏன்' இருக்கு. ஓவன்ல என் மூலையில வச்சது மட்டும் ஏன் கருகுது?"

மாமா கையில் சட்டையோடு திரும்பினார்.

"தெரியலையே," என்றார். பிறகு சட்டையைக் கட்டிலில் போட்டார். "வா பாப்போம்."

"ஆனா வெண்ணெயத் தொட வேண்டாம்," என்றாள் ஏன்குட்டி. "பிரெட்ட வச்சுப் பாக்கலாம்."

"காஞ்சுபோன பிரெட் இருக்கு, எடுத்துக்கோங்க. எப்படியும் தூளாக்கத்தான் வச்சிருந்தேன்," என்றாள் அம்மா. உருளைக்கிழங்கு மறுபடி கூடைக்குப் போனது.

மாமா தட்டு முழுக்க இடமே விடாமல் பிரெட் துண்டுகளைப் பரப்பினார். கதவை மூடினார். முக்காலியைச் சுற்றி நாலு தலைகள்.

"கரண்ட் மட்டும் ஒழுங்கா இருந்தா..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"உஷ்," என்றார்கள் மூன்று பேரும்.

டிங். தட்டு வெளியே வந்தது. பின்னால் இடது மூலைத் துண்டு கரிக்கட்டை. அதன் பக்கத்துத் துண்டு காபி நிறம். நடுவில் பொன்னிறம். முன்னால் வலது ஓரத்தில் இருந்தது வெள்ளை வெளேரென்று அப்படியே கிடந்தது.

"உங்க கை ஒண்ணும் பண்ணல மாமா. இந்த மூலைக்குக் கோபம் ஜாஸ்தி. அவ்வளவுதான்."

"அப்போ கரண்ட் இல்லையா?" என்று கேட்டார் அப்பா. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"அந்தக் கோபத்த என்ன பண்றது?" என்றார் மாமா.

ஏன்குட்டி யோசித்தாள். வகுப்பில் ஜன்னலோரம் வெயில் அடிக்கும். அதனால் டீச்சர் மத்தியானம் ஆனதும் எல்லாரையும் இடம் மாற்றி உட்காரவைப்பார். "பாதி வெந்ததும் தட்டத் திருப்பி வச்சுடலாம். எல்லாரும் கொஞ்ச கொஞ்ச நேரம் கோபக்கார மூலையில இருந்துட்டு வரட்டும்."

கடைசி வெண்ணெயும் மாவில் சேர்ந்தது. மாமா பிஸ்கட்டை வைத்தார். ஏன்குட்டி கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த மூலை இலேசாகச் சிவக்கத் தொடங்கியதும், "இப்போ மாமா," என்றாள். மாமா தட்டைத் திருப்பினார். வெளுத்தது பின்னால் போனது, சிவந்தது முன்னால் வந்தது.

மணி அடித்தபோது எல்லா பிஸ்கட்டும் ஒரே பொன்னிறம். மாமா தட்டை எடுத்து மேடையில் வைத்தார். கையுறையோடு அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

மறுநாள் காலை மாமாவும் ஏன்குட்டியும் கொண்டுபோன டப்பாவைப் பேக்கரிக்காரம்மா திறந்தார். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், உடைத்துப் பார்த்தார், தின்று பார்த்தார்.

"பரவால்ல. ஆனா வீட்டு ஓவன் வேற, எங்க ஓவன் வேற. உள்ள வந்து பாருங்க."

உள்ளே பீரோ அளவுக்கு ஓர் ஓவன் நின்றது. அதற்கு முன்னால் மாமாவே சின்னவராகத் தெரிந்தார். ஏன்குட்டி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மாமா தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"இதுல எந்த மூலைக்குங்க கோபம் ஜாஸ்தி?"

பேக்கரிக்காரம்மாவின் கை அப்படியே நின்றது. பிறகு சிரித்துவிட்டார். "மேல் தட்டு, வலது பக்கம், பின்னாடி. அது எனக்குப் பிடிபடவே ஒரு வருஷம் ஆச்சு. வேலை கேட்டு வந்தவங்க யாரும் இதக் கேட்டதில்ல. உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தா?"

மாமா திரும்பிப் பார்த்தார். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"மேல் தட்டுல மட்டும் ஏன் அப்படி?" என்று அது கேட்டது.

பேக்கரிக்காரம்மா அவளையும் பார்த்தார், மாமாவையும் பார்த்தார். "திங்கட்கிழமை விடியக்காலைல வந்துடுங்க. இவளக் கூட்டிட்டு வராதீங்க, என் வேலை நடக்காது," என்று சொல்லி அவள் கையில் ஒரு பன்னை வைத்தார்.

அன்று சாயங்காலம் அம்மா உருளைக்கிழங்கை அடுக்கினாள். பிரெட் தூளை மேலே தூவினாள். அப்பாவுடையது முன்னால், அவளுடையது நடுவில், ஏன்குட்டியுடையது மூலையில். கையில் இன்னும் ஒரு கிழங்கு இருந்தது. அவள் திரும்பித் தம்பியைப் பார்த்தாள்.

"உனக்கு எந்த இடம்டா வேணும்?"

மாமா குனிந்து தட்டைப் பார்த்தார். "ஏன்குட்டி பக்கத்துல."

"அங்க கொஞ்சம் கருகும் மாமா."

"கருகட்டும்."

அம்மா கதவை மூடினாள். கோபக்கார மூலையில் இரண்டு கிழங்குகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு மெல்லச் சிவக்கத் தொடங்கின.