ஆறு மாஸ்க், ஆறு புது லென்ஸ்

கதவைத் திறந்தவன் அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. தலையைக் கொஞ்சம் இடது பக்கமாகத் திருப்பிக்கொண்டு, அவள் தோளுக்குப் பின்னால் நிற்கிற யாரிடமோ பேசுவதைப் போல, "பெயின்ட்பால் சாமான் பாக்க வந்தவங்களா?" என்றான்.

கண்ணைப் பார்த்துப் பேசாத ஆள்... வந்த காரியம் விளங்கினாற்போலத்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

மழையில் பாதி நனைந்து நாலு மாடி ஏறி வந்திருந்தாள். மூச்சு வாங்கியது.

"லிப்ட் ஓடலைன்னு போன்லயே சொல்லியிருக்கலாம்ல..."

"ஸாரிங்க. நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன். பிரேக் கட்டை தேஞ்சிருக்கு."

"நீங்க எதுக்கு நிறுத்தணும்?"

"நான் லிப்ட் மெக்கானிக். புதுக் கட்டை வர்ற வரைக்கும் நானும் நடந்துதான் ஏர்றேன்."

எல்லாத்துக்கும் பதில் கையில் ரெடியாக வைத்திருக்கிறான்... அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். முடியளவு கீறலையும் விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தே கண்டுபிடித்துவிடுவாள். அண்ணன் அவளைக் கூப்பிடுவதே பூதக்கண்ணாடி என்றுதான். அந்த அண்ணன் ஊருக்கு வெளியே, மூடிக் கிடக்கும் மர மில்லுக்குப் பின்னால், பெயின்ட்பால் மைதானம் நடத்துகிறான். சாயம் நிரப்பிய குண்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் ஒருவரையொருவர் சுட்டு விளையாடும் இடம். போன தடவை அவன் வாங்கிய பழைய துப்பாக்கிகளில் பாதி, ஒரே மாதத்தில் காற்றை விட ஆரம்பித்துவிட்டன. அதனால் இந்தத் தடவை தங்கையை அனுப்பியிருந்தான்.

கூடத்தில் ஒரு நீள மேஜை. அதன்மேல் நாலு துப்பாக்கி, நாலு காற்று சிலிண்டர், ஆறு மாஸ்க். எல்லாம் துடைத்து வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. இத்தனை பளபளப்பு எதற்கு? அழுக்கைத் துடைத்தானா, இல்லை எதையாவது மறைத்தானா?

முதல் துப்பாக்கியை எடுத்தாள். விசையின் ஓரத்தில் கறுப்புப் பூச்சு போய் உள்ளே வெள்ளி தெரிந்தது.

"ரொம்ப அடிச்சிருக்கீங்க."

"மூணு வருஷம். வாராவாரம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். விற்கிறவன் எவனும் இப்படிச் சொல்ல மாட்டான். நாலே தடவை எடுத்தது என்றுதான் சத்தியம் பண்ணுவான்.

திருகாணித் தலைகளை விரலால் தடவினாள். ஒன்று மழுங்கியிருந்தது.

"அதை அடிக்கடி கழட்டியிருக்கேன். உள்ள ரப்பர் வளையம் நிக்காது. வாங்கினா அதை முதல்ல மாத்திடுங்க," என்றான் அவள் கேட்குமுன்னே.

குழலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து உள்ளே பார்த்தாள். மழை வெளிச்சம் வட்டமாக வந்தது. சுத்தம். சிலிண்டரைப் புரட்டி, கழுத்தில் குத்தியிருந்த சோதனைத் தேதியைத் தேடினாள்.

"ரெண்டு சிலிண்டர் தேதி தாண்டிடுச்சு. அதை நான் விக்கலை. குப்பையில போட மனசு வராம வெச்சிருக்கேன்."

சின்னச் சின்ன உண்மையாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் பெரிய பொய்யாக ஒன்றைத் தலையில் கட்டுவார்கள்... கடைக்கு வருகிற ஏஜென்டுகளிடம் அவள் பார்க்காத வித்தையா?

மாஸ்க்குகளுக்கு வந்தாள். உள்ளே வைத்த பஞ்சு வியர்வையில் அமுங்கித் தட்டையாகியிருந்தது. வார் இழுத்தால் பழையபடி சுருங்கவில்லை. வயசான மாஸ்க்தான், சந்தேகமே இல்லை. ஆனால் லென்ஸ்...

சாய்த்துப் பிடித்தாள். ஒரு கீறல் இல்லை. இரண்டாவதை எடுத்தாள். அதிலும் இல்லை. ஆறிலும் இல்லை.

அவள் குரல் இறுகியது. "லென்ஸ் மட்டும் ஏன் புதுசு?"

"மாத்தினேன்."

"விக்கப்போற பொருளுக்கு யாராவது புது லென்ஸ் போடுவாங்களா? பழசெல்லாம் உடைஞ்சுடுச்சா?"

"கயிறு அறுந்தப்புறமாங்க லிப்ட்டுக்குக் கயிறு மாத்துவாங்க?"

"நான் கேட்டதுக்கு இது பதில் இல்ல."

அவள் கையில் இருந்த மாஸ்க்கை அவன் பக்கம் நீட்டினாள்... வேகமாக, கோபமாக. அவன் கை காற்றைப் பிடித்தது. மாஸ்க் தரையில் விழுந்து உருண்டது.

அவனுடைய இடது பக்கத்தில் நீட்டியிருந்தாள்.

தினமும் எத்தனை கண்களைப் பார்க்கிறவள்... எப்படித் தவறவிட்டாள்? நேராகப் பார்க்காதவனில்லை இவன். வலது கண்ணால் பார்க்கத்தான் அப்படித் தலையைத் திருப்புகிறான்.

"இடது கண்ணுல... எவ்வளவு தெரியும்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வெளிச்சம் தெரியும். யாரோ நிக்கறாங்கன்னு தெரியும்." முதல்முறையாகச் சிரித்தான். "அது நீங்கதான்னு தெரியாது."

ஐந்து வருஷத்துக்கு முந்தி நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து வாங்கிய சாமான். மாஸ்க் ஆறும் வாங்கும்போதே பழசு. இரண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு ஆட்டத்தில் இவன் மாஸ்க்கின் லென்ஸ் சட்டத்திலிருந்து பிதுங்கிக் கழன்றது; அடுத்த குண்டு நேராகக் கண்ணில். அதோடு எல்லோரும் விளையாட்டை விட்டுவிட்டார்கள்.

"வேற யார் மூஞ்சிக்கும் அது போகக் கூடாது. அதான் மாத்தினேன்," என்றான்.

"மாஸ்க்கை எங்க வாங்கினீங்க?"

"மர மில்லுக்குப் பின்னாடி ஒரு கிரவுண்ட் இருக்குல்ல... அங்கதான். நியாயம் கேக்கப் போனப்போ, பாத்துதானே வாங்கினீங்கன்னு அந்த ஆள் திட்டி அனுப்பிட்டான்."

வெளியே மழை சட்டென்று உரத்தது. அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"வீட்டுல... கேட்டுட்டுச் சொல்றேன்."

நாலு மாடியையும் ஓடியே இறங்கினாள்.

*

அண்ணன் கொட்டகையில் சாயக் குண்டுப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் கண்ணுல அடிபட்டுடுச்சுன்னு வந்தாரா?"

அவன் கை நின்றது. "யார் சொன்னா? எவனாவது பணம் புடுங்க வந்திருப்பான். நீ போய் அதை நம்பறியா, பூதக்கண்ணாடி?"

அவள் வாதாடவில்லை. சுவரில் தொங்கிய மாஸ்க்குகளை ஒவ்வொன்றாக இறக்கி, லென்ஸின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். ஐந்தாவது கழன்று விழுந்தது. பன்னிரண்டாவதும்.

"காலையில இதைப் போட்டுக்கிட்டு விளையாடினது யாரு அண்ணா?"

அண்ணன் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. "கிரவுண்டை மூடச் சொல்றியா? நான் என்ன பண்ணுவேன்..."

"மூடு. இல்லன்னா நான் கேட்ல நின்னு வர்றவங்களையெல்லாம் திருப்பி அனுப்புவேன்."

கட்டிக்கொடுக்கிறவரை தன் பேச்சைத் தட்டமாட்டாள் என்று அவன் நம்பியிருந்த தங்கை. அவன் அன்று சாப்பிடாமல் இருந்தான். அவள் சமாதானம் செய்யவில்லை.

மறுநாள் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நாலு மாடி ஏறினாள். நின்றபடியே சொன்னாள். "அந்தக் கிரவுண்ட் எங்க அண்ணனோடது. நேத்தே சொல்லியிருக்கணும். பயந்து ஓடிட்டேன்."

அவன் முகம் இறுகியது. இப்போது சந்தேகப்படுவது அவன் முறை.

"அண்ணன் அனுப்பினாரா? நான் கேஸ் போட்டுடக் கூடாதுன்னு?"

"இல்ல."

"அப்போ நேத்து வந்தது? சாமான் பாக்கவா, என்னைப் பாக்கவா? என் கண்ணு எவ்வளவு கெட்டுப்போயிருக்குன்னு..."

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. துடைக்கவும் வெட்கமாக இருந்தது. "நீங்க நம்ப வேண்டாம். நானும் நேத்து முழுக்க உங்களை நம்பலை. ஆனா கண் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டுங்க. எங்க கடைக்கு வர்ற டாக்டர் நல்லவர்." சீட்டு ஒன்றை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள்.

ஏழு நாள். அவன் போன் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை. கடையில் கதவு மணி அடிக்கும்போதெல்லாம் நிமிர்ந்தாள்... சே, என்ன இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

எட்டாம் நாள் மூடிய மைதானத்தில் அவளும் அண்ணனும் உட்கார்ந்து பழைய லென்ஸ்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கேட் திறக்கும் சத்தம். தூறலில் நனைந்தபடி, கையில் பெரிய பெட்டியோடு அவன்.

அண்ணன் எழுந்தான். கையிலிருந்த லென்ஸைக் கீழே வைத்தான். "தம்பி... அன்னிக்கு நான் உங்களை உள்ளகூட விடாம திட்டி அனுப்பினேன். தப்பு பண்ணிட்டேன். வைத்தியம் என்ன ஆகுதோ, என் பொறுப்பு."

"இதை ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கேட்டிருந்தா நல்லாருந்திருக்கும்," என்றான் அவன். "இப்போவும்... பரவாயில்ல. உங்க தங்கச்சி சொன்ன டாக்டரைப் பாத்தேன். முழுசா வராதாம். கொஞ்சம் வருமாம்."

அண்ணன் தலையாட்டினான். காபி வாங்கி வருகிறேன் என்று முணுமுணுத்து, குடை எடுக்க மறந்து மழையிலேயே வெளியே நடந்தான்.

"பெட்டியில என்ன?" என்றாள், எதையாவது பேசவேண்டுமே என்று.

"ஆறு மாஸ்க். உங்க கிரவுண்டுக்கு. விக்கலை... சும்மா." பெட்டியைக் கீழே வைத்தான். "துப்பாக்கி நாலும் வீட்டுல இருக்கு. ரெண்டு பேர் கேட்டாங்க. குடுக்கலை."

"ஏன்? நல்ல துப்பாக்கிதானே..."

"வித்துட்டா, நீங்க வந்து பாக்கறதுக்கு ஒரு காரணம் இல்லாமப் போயிடுமே."

அவள் கையிலிருந்த லென்ஸ் நழுவி மடியில் விழுந்தது. காது வரைக்கும் சூடு ஏறியது. இதைச் சொல்கிறவன் நேராகப் பார்க்கிறான்... முழு முகத்தையும் அவள் பக்கம் திருப்பி, பதிலுக்குப் பயந்துகொண்டு.

"வித்துடுங்க," என்றாள் மெல்ல.

அவன் முகம் வாடியது.

"காரணம் இல்லாமயே வர்றேன்... எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு."