மூன்று விரல்

கீழே எழுந்த கையில் மூன்று விரல்கள்தாம் இருந்தன.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, ரயில் பாதையை ஒட்டிய பழைய இரும்பு யார்டு அது. பதினொரு மணி வண்டி கக்கிவிட்டுப் போன கரிப்புகை இன்னும் கலையவில்லை. நாற்பதடி உயரத்தில், கிரீஸும் வெயிலில் வெந்த இரும்பும் நாறும் கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த சவுரிராயனுக்கு, சிக்னல் காட்டும் பச்சைமுத்துவின் உடம்பு தெரியவில்லை. புகைக்குள் ஒரு கை மட்டும் தெரிந்தது. உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்ல ஆட்டியது. இறக்கு.

கப்பல் கட்டும் தளத்தில் பதினாறு வருஷம் இதே கிரேனை ஓட்டிக் கற்றது ஒன்றுதான்: முகத்தைப் பார்க்காதே, கையைப் பார். எண்பத்திரண்டில் தளத்தை மூடி, கிரேனைக் கழற்றி லாரியில் இங்கே கொண்டுவந்தார்கள். அவனும் கூடவே வந்தான். அந்தப் பழக்கத்தில்தான் போன ஐப்பசியில், கையை மட்டும் நம்பி, அப்போதைய சிக்னல்காரன் துரைக்கண்ணுவின் மேலேயே தகட்டை இறக்கிவிட்டான்; அவன் அங்கேயே நசுங்கிச் செத்தான். துரைக்கண்ணுவுக்கு வலது கையில் மூன்று விரல்.

பச்சைமுத்துவுக்கு ஐந்தும் உண்டு.

கொக்கியில் இரண்டு டன் பாய்லர் தகடு தொங்கியது. கை மறுபடி ஆடியது.

“மாட்டேன், போ,” என்றான் சவுரிராயன். எரிச்சல் வந்தது. “ஒரு தடவ உன் கைய நம்பி நான் பட்டது போதும்.”

புகை விலகியது. தகட்டுக்கு நேர் கீழே பச்சைமுத்து குனிந்திருந்தான்.

“கை காட்டினியாடா?” என்று மேலிருந்து கத்தினான் சவுரிராயன்.

“இல்லண்ணே. செருப்பு அந்துட்ச்சி, ஊக்கு குத்திக்கினு இருக்கேன்.”

“ஜல்தி வெளிய வாடா.”

“என்னாண்ணே பேஜாரு,” என்று சிரித்தபடி பச்சைமுத்து கைநழுவி விழுந்த ஊக்கைத் தேடினான்.

லீவர் அசைந்தது.

லீவரைப் பிடித்திருந்த சவுரிராயனின் கைமேல் இன்னொரு கை. சில்லென்று. ஈரமாக. மூன்று விரல். முன்னே தள்ளியது. தகடு ஒரு சாண் இறங்கியது.

“இறக்க மாட்டேன்டா.”

இரண்டு கையாலும் இழுத்தான். பிரேக்கின் மேல் முழு உடம்பையும் போட்டு மிதித்தான். தோள்பட்டை விண்ணென்றது. விடவில்லை. கீழே பச்சைமுத்து செருப்பை மாட்டினான். ஒரு எட்டு. இரண்டு எட்டு. வெளியே வந்துவிட்டான்.

சவுரிராயனின் கைமேலிருந்து மூன்று விரலும் விலகவில்லை.

காதருகே மூச்சு. ஒருவர் மட்டுமே உட்காரக்கூடிய கூண்டு.

“கையத்தானே பாத்தேன் இத்தினி நாளா,” என்றான். “காட்டு, இன்னிக்கி மூஞ்சியப் பாக்கறேன்.”

திரும்பினான்.

முகம் இருக்க வேண்டிய இடம் தட்டையாக இருந்தது. அதில் வரிசையாக, தகட்டின் ரிவெட் தடங்கள்.