உலகநாதனின் அடீனியம்

தொட்டி மண் ஈரமாக இருந்தது. அனு தண்ணீர் ஊற்றி நாற்பது நாளாகிவிட்டது. புதுப்பட்டினத்தில் மழையும் இல்லை.

அது அவள் கணவன் உலகநாதன் வளர்த்த அடீனியம். பாலைவனத்துச் செடி, பானை வயிறு போல உப்பிய அடித்தண்டில் தானே நீரைச் சேர்த்துக்கொள்ளும், அதிகம் ஊற்றினால் அழுகிவிடும் என்று சொல்லிக்கொண்டே, வேலையிலிருந்து வந்ததும் சட்டைகூட மாற்றாமல் மொட்டைமாடிக்குப் போய்த் தண்டை அழுத்திப் பார்ப்பான். சாலையில் லாரி மோதி அவன் போன பிறகு, அழுகையே வராத அனு, கடல் காற்றில் கருவாட்டு வாடை ஏறிவரும் மாலைகளில் அந்த மண்ணில் விரல்களைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வெயில் தாழ்ந்த பிறகும் தண்டு வெதுவெதுப்பாக இருக்கும். மண்ணுக்கடியில் யாரோ மெதுவாகத் துணி கிழிப்பது போல ஒரு சத்தம் கேட்கும். அவள் கையை எடுக்க மாட்டாள்.

போன வாரம் தோசைக்கல்லில் விரல் பட்டுத் தோல் உரிந்தது. தீய்ந்த வாடை வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் உலகநாதனின் அக்கா லதா வந்தாள். மாடிக்குப் போனதும் தொட்டியில் விழுந்திருந்த விரிசலையும் அதில் கசிந்த ஈரத்தையும்தான் பார்த்தாள்.

"இன்னா அனு, தண்ணி ஊத்திகினே கீறியா?"

"இல்ல அண்ணி."

"அப்பறம் எப்பிடி ஈரமா கீது? வேரு அழுகியிருக்கும். புடுங்கி வேற மண்ணுல வெய்யி, பொழைக்கும். எந்தம்பி ஆசையா வெச்சது."

அனு இரண்டு கைகளையும் மண்ணுக்குள் விட்டாள். அழுகல் இல்லை. குளிர்ந்த, நூல் நூலான வேர்கள். விரல்களைச் சுற்றின.

இறுகின.

பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. பயம் வரவில்லை.

"கைய எடு, அனு!"

எடுக்க முடியவில்லை. லதா பக்கத்தில் கிடந்த செங்கல்லால் தொட்டியை உடைத்தாள். மண் சரிந்தது. நகக்கண்களுக்குள் வெள்ளை வேர்கள் நுழைந்திருந்தன. ஒரு துளி ரத்தம் இல்லை.

அலறியபடி செடியைப் பிடித்து இழுத்தாள் லதா. வேர் அறவில்லை. அனுவின் முழங்கை வரை, தோலுக்கடியில், கோடு கோடாக விறைத்து எழுந்தது.

"வலிக்கல அண்ணி," என்றாள் அனு.

லதா இன்னும் இழுத்தாள்.

அனுவின் கழுத்திலும் ஒரு கோடு எழும்பியது.