கேபினில் படுத்திருக்கிறார்

குளித்துவிட்டு வெளியே வந்த பெரில் முதலில் கவனித்தது தட்டைத்தான். மூடி போட்டு மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். இப்போது மூடி பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. இரண்டு ஆட்டு விலாத் துண்டுகளும், சாப்ஸ், தின்று தீர்க்கப்பட்டு எலும்புதான் மிச்சம். கறியில் இருந்த கொழுப்பைத் துண்டு துண்டாக நறுக்கி, தட்டின் விளிம்பைச் சுற்றி வரிசையாக யாரோ அடுக்கி வைத்திருந்தார்கள்.

அறை துடைக்கிற பையன் பசியில் தின்றிருப்பான் என்று சொல்லிக்கொண்டாள். பாவம், கப்பல் வேலை. ஆனால் கதவின் சங்கிலி அவள் உள்ளிருந்து மாட்டியபடியே இருந்தது.

கொழுப்பை அப்படி அடுக்குகிற ஒரே ஒரு ஆளைத்தான் அவளுக்குத் தெரியும். தின்று முடித்ததும் அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாக அவள் தட்டுக்குத் தள்ளிவிடுவான். உனக்குத்தான் பிடிக்குமே என்பான். அவளுக்குப் பிடிக்காது. கல்யாணமான புதிதில் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள், அதற்குப் பிறகு சொல்லவில்லை. அவள் புருஷன் கிளிஃபர்ட். அவனைத்தான் மார்ச் மாதம் இங்கிலாந்தில், கெட்டரிங் ஊர்க் கல்லறையில் புதைத்துவிட்டு வந்திருந்தாள்.

வினை, கப்பல் ஏறிய முதல் நாள் சாப்பாட்டு மேஜையிலேயே ஆரம்பித்திருந்தது. கப்பலில் யாரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதைக் கப்பல்காரர்களே முடிவு செய்துவிடுவார்கள். பயணம் முடியும்வரை அதே மேஜை, அதே முகங்கள், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். பெரிலுக்கு வாய்த்தது தூணோரத்து மேஜை. ஸ்வான்ஸியில் இரும்புக் கடை வைத்திருந்த ஆர்னால்டும், இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிற அவர் மனைவி கிளெனிஸும் எதிரே. ஓரத்தில் ஹூயிட் என்ற கட்டைப் பிரம்மச்சாரி. மூக்குக் கண்ணாடி விற்று ஓய்வு பெற்றவர், உப்புக் குப்பியை நேராக வைப்பதில் மட்டும் அக்கறை உள்ளவர். பெரிலின் பக்கத்து நாற்காலி காலி.

கிளெனிஸ் அவள் மோதிரத்தைப் பார்த்தாள், காலி நாற்காலியைப் பார்த்தாள். "வீட்டுக்காரரு வரலையா கண்ணு?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நடக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். தலை ஒரு பக்கம் சாயும், குரல் தணியும், அடடா என்பார்கள், எவ்வளவு நல்ல மனுஷனாக இருந்திருப்பார் என்பார்கள். கிளிஃபர்ட் ஊருக்கெல்லாம் நல்ல மனுஷன்தான். வீட்டுக்குள்தான் அவள் கரண்டி பிடிப்பதும் தப்பு, சிரிப்பதும் தப்பு, கதவு சாத்துவதும் தப்பு. நாலு பேர் கூடிய இடத்தில் அவளை வைத்து ஒரு வேடிக்கைக் கதை சொல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது. வாழ்நாளில் இந்தப் பயணம் ஒன்றுதான் அவளுக்கே அவளுக்கென்று கிடைத்தது. இதையும் அவனுடைய துக்கத்துக்கு எழுதிக் கொடுக்க அவளுக்கு மனசில்லை.

"வயிறு சரியில்லை. கேபின்ல படுத்திருக்காரு" என்றாள்.

சொன்னதும் ஒரு சுகம். அவன் எங்கோ கீழே ஓர் அறையில் அடைந்து கிடக்க, அவள் மேலே விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து இரண்டாவது கோப்பை ஒயின் கேட்கிறாள். இப்படி ஒரு நாள்கூட அமைந்ததில்லை. கொஞ்சம் தாராளமாகவே பொய் சொன்னாள். அதிர்ந்து பேச மாட்டார் என்றாள். என்னை விட்டு ஒரு பொழுது இருக்க மாட்டார் என்றாள்.

பரிமாறுகிற கோவாக்காரர் ஜோக்கிமுக்குத்தான் மனசு கேட்கவில்லை. சார் வெறும் வயிற்றோடு படுக்கக் கூடாது என்று ஒரு சூப்பை மூடி போட்டு அனுப்பி வைத்தார். அதைக் கழிப்பறையில் கொட்டிவிட்டாள். மறுநாள் சாப்ஸ் வந்தது.

அந்தத் தட்டைக் கையால் தொடாமல் துண்டால் பிடித்து வெளியே வைத்தாள். விளக்கை அணைக்கவில்லை. அணைத்தாலும் ஒன்றுதான். ஜூன் மாதத்தில் நார்வேப் பக்கம் சூரியன் படுக்கப் போவதில்லை. திரையின் இடுக்கு வழியாக வந்த மஞ்சள் வெளிச்சம் கம்பளத்தின் மேல் கோடாக விழுந்து அப்படியே கிடக்க, சுவருக்குப் பின்னால் குழாயில் தண்ணீர் ஓடி நிற்பதும், கப்பல் திரும்பும்போது அலமாரிக்குள் வெறும் துணி மாட்டிகள் ஒன்றோடொன்று உரசுவதும், எங்கோ அடித்தளத்தில் இயந்திரம் பெருமூச்சு விடுவதும் கேட்டுக்கொண்டே இருந்தன. அந்தச் சத்தங்களுக்கு நடுவே மெல்ல ஒரு வாசனை வந்தது. அடக்கத்தன்று சவப்பெட்டிமேல் வைத்த லில்லிப் பூ. அதற்கு அடியில், மழையில் நனைந்த மண்.

காலையில் பார்த்தால் பக்கத்துக் கட்டிலின் இறுக்கி விரித்த விரிப்பில், நடுவில், ஒரு பள்ளம்.

அன்றைக்கு மேஜையில் ஆர்னால்டு மகா உற்சாகமாக இருந்தார். மேல்தளத்தில் அவள் புருஷனைப் பார்த்தாராம். ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்களாம். தங்கமான மனுஷனாம், கொஞ்சம் வெளிறியிருக்கிறாராம், அவ்வளவுதானாம்.

"அந்த மீன் குளத்துக் கதையைச் சொன்னாரு பாருங்க, சிரிச்சு வயிறே வலிச்சுப் போச்சு. மீனைக் கொத்த வர்ற கொக்குக்கு வலை கட்டினா, அதுல நீங்க போய் விழுந்தீங்களாமே. அக்கம்பக்கத்து ஆளுங்களைக் கூப்பிட்டுக் காட்டிட்டுத்தான் தூக்கி விட்டாராமே."

பெரிலின் கையில் இருந்த ரொட்டி அப்படியே நின்றது. குளத்தைப் பற்றி அவள் இந்தக் கப்பலில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நான் சொன்னது பொய், அவர் உயிரோடு இல்லை. அவ்வளவுதான். ஆனால் எல்லாருடைய சூப்பும் ஆறிப் போகும். ஆர்னால்டின் முகம் தொங்கிப் போகும். கிளெனிஸ் வேறு நோயாளிக்கென்று இஞ்சி பிஸ்கட் வாங்கிக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தாள். பெரிலுக்குத் தன் நாட்டு ஜனங்களைத் தெரியும். கப்பல் மூழ்கினால்கூடப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். அவளும் அந்த ஜனத்தில் ஒருத்திதானே.

"அப்படியா, கொஞ்சம் தேறியிருக்காரு போல" என்று சிரித்தாள். பிஸ்கட்டையும் வாங்கிக்கொண்டாள்.

கேபினுக்குத் திரும்பியதும் அலமாரியைத் திறந்தாள். அவளுடைய உடைகள் எல்லாம் ஒரு மூலைக்கு ஒதுக்கித் தள்ளப்பட்டிருந்தன. முக்கால்வாசி இடம் காலியாக விடப்பட்டிருந்தது. வீட்டில் இருந்ததைப் போலவே. காலி மாட்டி ஒன்றின் கீழே, அலமாரித் தரையில், ஒரு பிடி ஈர மண்.

அவளுக்கு அந்த நீல சூட் ஞாபகம் வந்தது. சவ அடக்கம் செய்கிறவர்களிடம் அவள் கொண்டுபோய்க் கொடுத்த சூட். உடம்பு விறைத்திருக்கும்போது கையை மடக்கி மாட்ட முடியாது அம்மா, அதனால் முதுகுப் பக்கம் நெடுக வெட்டித்தான் போடுவோம், முன்னால் பார்த்தால் தெரியாது என்று அந்த ஆள் பக்குவமாகச் சொன்னார். நல்ல துணியாயிற்றே என்று அப்போது நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக வெட்கப்படவும் செய்தாள்.

மறுநாள் கேப்டன் விருந்து. எல்லாரும் நன்றாக உடுத்திக்கொண்டு வருகிற நாள். பகல் முழுவதும் பெரில் மேல்தளத்தில் நாலு பேர் கண்ணில் படும்படியாகவே உட்கார்ந்திருந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். இன்று சொல்லிவிடுவது. சூப் ஆறினால் ஆறட்டும். மானம் போனால் போகட்டும். இந்தப் பயணம் என்னுடையது.

படியில் இறங்கும்போதே தூணோரத்துச் சிரிப்பு கேட்டது. ஆர்னால்டு மேஜையைத் தட்டிச் சிரிக்கிறார். கிளெனிஸ் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். காலி நாற்காலி காலியாக இல்லை.

நீல சூட். வழித்து வாரிய தலை. முன்னால் பார்த்தால் ஒரு குறையும் இல்லை.

"வா கிழவி. உனக்காக எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க பாரு" என்றான் கிளிஃபர்ட்.

உட்கார்ந்தாள். லில்லிப் பூ வாசனை. மண் வாசனை. அவன் பக்கமிருந்து, திறந்து வைத்த நிலவறையிலிருந்து வருவதைப் போல ஒரு குளிர்ச்சி. மாட்டிறைச்சி வந்தது. அவன் கொழுப்பை நறுக்கினான். ஒரு துண்டு. இன்னொரு துண்டு. விளிம்பில் அடுக்கினான். பேச்சை நிறுத்தாமலே ஒவ்வொன்றாக அவள் தட்டுக்குத் தள்ளினான்.

"சாப்பிடு. உனக்குத்தான் பிடிக்குமே."

பெரில் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இவரு செத்துப் போயிட்டாரு. மார்ச் மாசம் நான்தான் புதைச்சேன்."

அவளே எதிர்பார்க்காத அளவுக்குக் குரல் தெளிவாக வந்தது. பக்கத்து மேஜையில்கூடப் பேச்சு நின்றது. ஜோக்கிம் கையில் தட்டோடு நின்றுவிட்டார்.

கிளெனிஸ் கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சூடான, மெத்தென்ற கை. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. குரல் தணிந்தது.

"அவரு சொன்னாரு கண்ணு. கொஞ்ச மாசமாவே நீ இப்படித்தான் சொல்லிக்கிட்டிருக்கியாம். நாங்க ஒண்ணும் தப்பா எடுத்துக்க மாட்டோம்."

கிளிஃபர்ட் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். பொறுமையே உருவான புருஷன். இவளைக் கொஞ்சம் படுக்க வைத்துவிட்டு வருகிறேன், மன்னிக்கணும் என்று மேஜையைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்தான். நாற்காலியை உள்ளே தள்ளத் திரும்பினான்.

கழுத்துப் பட்டியிலிருந்து கீழ் விளிம்புவரை ஒரே வெட்டு. கோட்டின் இரண்டு பாதியும் தனித்தனியாகத் தொங்கின. உள்ளே சட்டையும் வெட்டியிருந்தது. சட்டைக்கு உள்ளே முதுகு இருக்க வேண்டிய இடம் கருத்து, ஈரமாக, மெல்ல அசைந்தது.

பெரில் எல்லாருடைய முகத்தையும் பார்த்தாள்.

ஹூயிட் பார்த்துவிட்டார். உதடுவரை வெளுத்துப் போனார். பிறகு உப்புக் குப்பியை எடுத்து நேராக வைத்தார். ஆர்னால்டும் பார்த்தார். உடனே சாப்பாட்டு அட்டையைத் தூக்கி, அடுத்து என்ன இனிப்பு என்று படிக்க ஆரம்பித்தார். கிளெனிஸின் சிரிப்பு உறைந்து போய், ஆனால் இறங்காமல், அப்படியே இருந்தது. அவள் கண்கள் அந்த வெட்டின் மேலேயே இருந்தன.

"நல்லாப் பாத்துக்கோங்க அவளை" என்றாள் கிளெனிஸ், கிளிஃபர்டிடம்.

அவன் பெரிலைக் கூட்டிக்கொண்டு மேஜையைக் கடந்து போகும்போது ஆண்கள் இருவரும் மரியாதையாக எழுந்து நின்றார்கள்.

அடுத்த மாலை கேபினில் கிளிஃபர்ட் கண்ணாடி முன்னால் நின்று டை கட்டினான். பெரில் அவனுக்குப் பின்னால். கையில் கப்பல்காரர்கள் இழுப்பறையில் வைத்திருந்த ஊசியும் நூலும். கோட்டைக் கழற்ற மாட்டானாம். போட்டபடியே தைக்க வேண்டுமாம்.

ஊசி துணிக்குள் போனது. துணியைத் தாண்டியும் போனது. அவன் நெளியவில்லை. இழுத்தபோது நூல் நனைந்து வந்தது.

"நெருக்கமாத் தை. உனக்கு எதுலயும் அவசரம்."

நெருக்கமாகத் தைத்தாள். முடித்ததும் பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள், எப்போதும் செய்வதைப் போல. வாயில் மண் ருசி.

அவன் போனான். இவளால் எழுந்திருக்க முடியவில்லை. இடுப்புக்குக் கீழே குளிர் ஏறியிருந்தது. நடைவழியில் குரல்கள். கிளெனிஸ். இன்னிக்கு எப்படி இருக்கா?

"வயிறு சரியில்லை. கேபின்ல படுத்திருக்கா" என்றது கிளிஃபர்டின் குரல்.

அடடா என்றாள் கிளெனிஸ். காலடிகள் விலகின. சாப்பாட்டு மணி அடித்தது. பெரில் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

கதவு தட்டப்பட்டது. மேடம் வெறும் வயிற்றோடு படுக்கக் கூடாது என்று ஜோக்கிமின் குரல், வழக்கமான கனிவோடு.

கதவைப் பார்த்தாள். சங்கிலி உள்ளே மாட்டியபடியே இருந்தது. திரும்பிப் பார்த்தாள். மேஜைமேல் தட்டு.

திரையிடுக்கில் அதே மஞ்சள் வெளிச்சம். மேலே, மாடிக்கு அப்பால், மேஜையைத் தட்டிச் சிரிக்கிற சத்தம். வலைக் கதையாகத்தான் இருக்கும்.

மூடியைத் திறந்தாள்.

நடுவில் ஒன்றும் இல்லை. விளிம்பைச் சுற்றி, வரிசையாக, வெள்ளை வெள்ளையாகக் கொழுப்பு.

முள்கரண்டியை எடுத்தாள்.